ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு, அப்புறம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: வகுப்பறைக்குள் வந்துவிட்ட திரைகள், ஆப்கள், ஏஐ. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை: எங்கள் வகுப்பில் ஸ்மார்ட் போர்டு வைத்து ஒரு வருஷம் ஆகிறது. ராத்திரி உட்கார்ந்து ஸ்லைடு தயாரிக்கிறேன், அனிமேஷன் போடுகிறேன். பிள்ளைகளும் சத்தமில்லாமல் பார்க்கிறார்கள். ஆனால் மார்க் அப்படியேதான் இருக்கிறது. எங்கே தப்பு?

சத்தமில்லாமல் பார்ப்பதற்கும் கற்பதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. நன்றாகத் தயாரித்த ஸ்லைடு ஓடும்போது எல்லாமே தெளிவாகத் தெரியும், 'ஆமாம், இது தெரிந்ததுதான்' என்று தலையாட்டத் தோன்றும், மறுநாள் காலை அதையே கேட்டால் பாதிப் பேருக்கு வாய் திறக்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போது புரிவது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்ல முடிவது வேறு. பரீட்சை கேட்பது இரண்டாவதை.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சாரார் ஒரு உரைநடைப் பகுதியைத் திரும்பவும் படித்தார்கள். இன்னொரு சாரார் ஒரு தடவை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ், எழுதிப் பார்த்தவர்கள் நிறையவே நினைவில் வைத்திருந்தார்கள். உங்கள் ஸ்மார்ட் போர்டு வகுப்பு அந்த ஐந்தாவது நிமிஷத்தில் ஜெயிக்கிறது, மார்க் வருவது ஒரு வாரம் கழித்து.

அதனால் ஸ்லைடைத் தூக்கிப் போட வேண்டாம், நடுவில் நிறுத்துங்கள். இதயத்தின் படம் காட்டி ரத்தம் போகும் வழியைச் சொன்னீர்களா, திரையை அணைத்துவிட்டு 'நோட்டில் வரைந்து அம்புக்குறி போடு' என்று மூன்று நிமிஷம் கொடுங்கள். தப்பாக வரையட்டும், அதற்குத்தான் அந்த மூன்று நிமிஷம். பிறகு படத்தை மறுபடி காட்டி அவர்களையே திருத்தச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது தடவை அவர்கள் படத்தைப் பார்க்கும் பார்வையே வேறு மாதிரி இருக்கும், ஏனென்றால் இப்போது அவர்களுக்கு அதில் தேடுவதற்கு ஏதோ இருக்கிறது.

இன்னொன்று. ஸ்லைடில் முழு வாக்கியம் எழுதி அதையே வாய்விட்டுப் படிக்கிறீர்கள் என்றால் இன்றோடு விட்டுவிடுங்கள். ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் பல வருஷமாகச் சோதித்துப் பார்த்த விஷயம் இது: படமும் பேச்சும் சேர்ந்தால் கற்பது எளிதாகிறது, படம், பேச்சு, அதே பேச்சின் எழுத்து மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் குறைகிறது. கண்ணுக்குப் படத்தைப் பார்ப்பதா எழுத்தைப் படிப்பதா என்ற குழப்பம். புதிய கலைச்சொல்லை மட்டும் எழுதிக் காட்டலாம். பாடம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத மொழியில் நடக்கிறது என்றால் எழுத்தும் உதவும். மற்றபடி படம் போதும். சுழன்று வரும் தலைப்பு, மூலையில் ஆடும் பொம்மை இவையெல்லாம் ராத்திரி உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை.

கணித ஆசிரியர்: வகுப்பில் 45 பேர். யாரிடமும் கருவி இல்லை, என்னிடம் ஒரே ஒரு ஃபோன். இதை வைத்துக்கொண்டு என்ன தொழில்நுட்பம் பேசுவது?

நிறைய பேசலாம். உண்மையில் எனக்கு மிகவும் பிடித்த வகுப்பறைத் தொழில்நுட்பம் இந்த நிலைமைக்கென்றே செய்ததுதான். பிளிக்கர்ஸ் என்று ஒரு ஆப். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு காகித அட்டை, அதில் கறுப்பாக ஒரு சதுர வடிவம், அட்டையின் நான்கு பக்கங்களும் ஏ, பி, சி, டி. விடை எதுவோ அந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்க வேண்டும். நீங்கள் ஃபோன் கேமராவை வகுப்பின் மேல் மெதுவாக ஓட்டினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். ஒருவர் அட்டையின் வடிவம் மற்றவருடையது போல இருக்காது, அதனால் பக்கத்து அட்டையைப் பார்த்து அதே மாதிரி திருப்பிப் பிடிப்பதும் நடக்காது.

ஆனால் ஆப் இதில் பத்து சதவீதம்தான், மீதி நீங்கள் கேட்கும் கேள்வி. '0.35, 0.5 இவற்றில் எது பெரியது?' என்று கேட்டுப் பாருங்கள். 0.35 என்று சொல்லும் பிள்ளை சும்மா ஊகிக்கவில்லை, 35 ஐந்தைவிடப் பெரியது என்ற முழு எண் கணக்கைத் தசமத்துக்கும் கொண்டுவந்திருக்கிறது. 1/2 + 1/4 = 2/6 என்ற விடையைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளை மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டுகிறது. இப்படி ஒவ்வொரு தப்பு விடைக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கும்படி நான்கு விடைகளை அமைத்தால், கேமராவை ஒரு முறை ஓட்டியதும் யாருக்குத் தெரியவில்லை என்பது மட்டுமல்ல, என்ன தெரியவில்லை என்பதும் கையில் வந்துவிடும். கை தூக்கச் சொன்னால் இது கிடைக்காது. முன்வரிசையில் ஐந்து பேர் தூக்குவார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துத் தூக்குவார்கள்.

அதற்கப்புறம் என்ன செய்வது என்பதற்கு ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991-லிருந்து நடத்திக் காட்டிய ஒரு முறை இருக்கிறது. கேள்வி கேட்கிறார், ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்கிறார்கள், எது சரி என்று அவர் சொல்வதில்லை. 'வேறு விடை சொன்ன ஒருவரைப் பிடித்து உன் பக்கம் கொண்டு வா' என்கிறார். இரண்டு மூன்று நிமிஷம் வகுப்பு முழுக்க ஒரே வாக்குவாதம். பிறகு அதே கேள்வி மறுபடி. சரியான விடை சொல்பவர்கள் எண்ணிக்கை பெரும்பாலும் ஏறிவிடும், காரணம் தெரிந்தவர் வாதத்தில் ஜெயிக்கிறார். முதல் தடவை 30 சதவீதத்துக்கும் கீழே சரி என்றால் வாக்குவாதத்துக்கு விடாதீர்கள், யாருக்குமே தெரியாததை யார் யாருக்குச் சொல்வது, மறுபடி நடத்துங்கள். 70-க்கு மேல் என்றால் ஒரு வரி விளக்கம் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

இதே முறையை மின்னணு ரிமோட் வைத்தும் வெறும் வண்ண அட்டை வைத்தும் ஒப்பிட்டு 2008-இல் ஒரு ஆய்வு வந்தது. மாணவர்கள் கற்றதில் வித்தியாசம் இல்லை. ரிமோட்டால் ஆசிரியருக்குத்தான் வசதி, எண்ணுகிற வேலையும் பதிவு வைக்கிற வேலையும் மிச்சம். அந்த ஒரு ஃபோனும் கெட்டுப்போனால் நான்கு நிற அட்டை வெட்டிக் கொடுங்கள், வகுப்பு நிற்காது.

வாசகி: பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் வீடியோ எவ்வளவு நேரம் இருக்கலாம்?

ஆறு நிமிஷம். இது நான் சொல்லும் கணக்கில்லை. எட்எக்ஸ் இணைய வகுப்புகளில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசி 2014-இல் வெளிவந்த ஆய்வில் வந்தது. எவ்வளவு நீளமான வீடியோவாக இருந்தாலும் பெரும்பாலோர் கவனம் சுமார் ஆறு நிமிஷத்தைத் தாண்டவில்லை. அது வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்த பெரியவர்கள் கணக்கு, வகுப்பில் நீங்கள் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க முடியும் என்பதால் கொஞ்சம் நீட்டலாம். 40 நிமிஷ வீடியோவைப் போட்டுவிட்டு விடைத்தாள் திருத்த உட்காராதீர்கள்.

தலைமை ஆசிரியர்: பள்ளிக்கு ஒரு நன்கொடை வந்திருக்கிறது. நிர்வாகம் 'ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு டேப்லெட்' என்கிறது. எனக்குத் தயக்கம். என் தயக்கம் சரியா, இல்லை நான் காலத்துக்குப் பின்னால் இருக்கிறேனா?

தயக்கம் சரிதான். பெரு நாட்டில் 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தில் லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தார்கள். கிராமப்புறத்தில் 319 பள்ளிகளை எடுத்து, சுமார் 15 மாதம் கழித்து, லேப்டாப் கிடைத்த பள்ளிகளையும் கிடைக்காதவற்றையும் ஒப்பிட்டு 2012-இல் முடிவு வெளியிட்டார்கள். கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. பிள்ளைகள் கணினியைக் கையாளக் கற்றுக்கொண்டார்கள், பொதுவான சிந்தனைத் திறன் சோதனைகளில் கொஞ்சம் நல்ல பலன் இருந்தது, அவ்வளவுதான். 2015-இல் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி, தான் பல நாடுகளில் 15 வயது மாணவர்களுக்கு நடத்தும் பிசா தேர்வின் முடிவுகளை வைத்துப் பார்த்தபோதும் இதே கதை. பள்ளிக் கணினிகளில் பெரும் முதலீடு செய்த நாடுகளில் வாசிப்போ கணிதமோ அறிவியலோ குறிப்பிடும்படி உயர்ந்துவிடவில்லை.

இதைக் காட்டி நிர்வாகத்திடம் 'பார்த்தீர்களா, கருவியே வேண்டாம்' என்று சொன்னால் அதுவும் சரியாக இருக்காது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்துப் பள்ளி முடிந்த பிறகு மையங்களில் நடத்திய வகுப்புகள் பற்றிய ஆய்வு 2019-இல் வெளியானது. நான்கரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். அந்த மென்பொருள் முதலில் சோதித்துவிட்டு ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கியது. எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நான்காம் வகுப்புக் கழித்தலே வரவில்லை என்றால் அங்கிருந்து. ஒரே பாடத்தை எல்லோருக்கும் நடத்தும் ஒரு ஆசிரியரால் அதை 45 பேருக்குச் செய்ய முடியாது, கணினியால் முடிகிறது. பெருவில் கருவி போனது, அதை வைத்து எந்தப் பாடத்தில் என்ன செய்வது என்பது கூடப் போகவில்லை.

ஆகவே நிர்வாகத்திடம் இப்படிக் கேளுங்கள்: 'செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் இந்த டேப்லெட்டை வைத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள், அது இப்போது ஏன் முடியவில்லை?' பதில் வந்தால் வாங்கலாம். 'எல்லாம் டிஜிட்டல் ஆகிவிடும்' என்பது பதில் இல்லை. அப்புறம் சார்ஜ் போடுவது யார், உடைந்தால் சரிசெய்வது யார், இரண்டு வருஷத்தில் பேட்டரி போனால் என்ன, இந்த மூன்றுக்கும் பெயர் குறித்து ஆள் வேண்டும். ஒரு வகுப்புக்குப் போதுமான கருவிகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தேவைப்படும் வகுப்புக்கு நகர்த்துவது பல இடங்களில் நன்றாக நடக்கிறது. மிச்சப் பணத்தில் ஆசிரியர்களுக்கு நேரம் வாங்கிக் கொடுங்கள், அதாவது வாரத்தில் ஒரு பீரியடாவது வகுப்பில்லாமல் உட்கார்ந்து சேர்ந்து தயாரிக்க. கருவி விற்பவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பத்தாம் வகுப்பு மாணவன்: சார், டேப்லெட்டில் படித்தால் எனக்கு மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது. நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். எனக்குத்தான் பிரச்சினையா?

இல்லை தம்பி. 1,70,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் ஒரு அலசல் வந்தது. தகவல் நிறைந்த பகுதிகளைப் படிக்கும்போது, அதுவும் நேரக் கட்டுப்பாடு இருந்தால், திரையைவிடத் தாளில் படித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புரிந்திருக்கிறது. கதை படிப்பதில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் இருக்கிறது. திரையில் நாம் வேகமாக மேய்கிறோம், புரிந்துவிட்டதாகவும் சீக்கிரம் நினைத்துக்கொள்கிறோம்.

பாடப் புத்தகத்தைத் தாளில் படி. பயிற்சிக் கேள்விகளுக்கு டேப்லெட் நல்லது, விடை சரியா தப்பா என்று உடனே தெரியும். வகுப்பில் லேப்டாப் திறந்து வைத்துக்கொண்டு வேறு எதையோ பார்க்கும் நண்பன் பக்கத்தில் இருந்தால் இடத்தை மாற்றிக்கொள். கேலி இல்லை, 2013-இல் கனடாவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்: வகுப்பு நடக்கும்போது லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர்களின் மதிப்பெண் குறைந்தது, அந்தத் திரை கண்ணில் படும்படி பின்னால் உட்கார்ந்து ஒழுங்காகக் குறிப்பெடுத்தவர்களின் மதிப்பெண்ணும் குறைந்தது.

இயற்பியல் ஆசிரியை: ஆய்வகத்தில் பாதிக் கருவி வேலை செய்யவில்லை. கணினியில் வரும் மாதிரிச் சோதனைகளைச் செய்ய வைத்தால் போதுமா? மூத்த ஆசிரியர்கள் அது ஏமாற்று வேலை என்கிறார்கள்.

ஏமாற்று வேலை இல்லை, ஆனால் எதற்கு என்பதைப் பொறுத்தது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்ற மாதிரிச் சோதனைத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது, பல மொழிகளில் இருக்கிறது, பலவற்றை இணையம் இல்லாமலும் ஓட்டலாம். 2005-இல் வந்த ஒரு ஆய்வில் அதன் மின்சுற்று மாதிரியில் பயின்ற கல்லூரி மாணவர்கள், நிஜமான பல்பும் கம்பியும் வைத்துப் பயின்றவர்களைவிடக் கேள்விகளுக்கு நன்றாகப் பதில் சொன்னார்கள். அது கூடப் பரவாயில்லை, நிஜச் சுற்றைக் கட்டிக் காட்டச் சொன்னபோதும் அவர்களே மேல்.

காரணம் யோசித்தால் புரியும். நிஜக் கம்பிக்குள் எலக்ட்ரான் ஓடுவது தெரியாது, திரையில் தெரியும். நிஜ ஆய்வகத்தில் பல்பு எரியவில்லை என்றால் பாதி நேரம் தளர்ந்த இணைப்பைத் தேடுவதில் போய்விடும், கருத்து எங்கோ ஓடிப்போயிருக்கும். ஆனால் அந்தத் தளர்ந்த இணைப்பைத் தேடுவதும் இயற்பியல்தான் இல்லையா? அளவுகோலைச் சரியாக வைப்பது, ஒரே அளவை மூன்று முறை எடுத்தால் மூன்று விடை வருவது, சூடான கண்ணாடியைத் தொடக் கூடாது என்று கைக்குத் தெரிவது, இதெல்லாம் திரையில் கிடைக்காது. எனவே கருத்துக்குத் திரை, கைப்பழக்கத்துக்கு மேசை. திரையில் முதலில் 'மின்தடையை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும்?' என்று எழுதி வாங்கிவிட்டு, பிறகு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊகத்தை எழுதாமல் சுட்டியைக் கையில் கொடுத்தால் எல்லாவற்றையும் ஏற்றி இறக்கி விளையாடிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். வேலை செய்யும் பாதிக் கருவிகளை அதற்கப்புறம் எடுங்கள்.

தமிழாசிரியர்: கட்டுரை எழுதி வரச் சொன்னால் ஏஐ எழுதிக் கொடுத்ததைக் கொண்டுவருகிறார்கள். கண்டுபிடிக்கும் ஆப் ஏதாவது சொல்லுங்கள்.

ஆப் சொல்ல மாட்டேன். சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே வருஷம் ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் 'இயந்திரம் எழுதியது' என்று அவை சொல்லின. எளிய சொற்களில் எழுதும் பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். ஒரு பிள்ளை உண்மையாகவே உட்கார்ந்து எழுதியதை 'நீ எழுதவில்லை' என்று ஒரு ஆப்பை நம்பிச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை அப்புறம் உங்களுக்காக எழுதாது.

சரி, அதற்காகச் சும்மா விடவும் முடியாது, ஏனென்றால் இதில் நிஜமான இழப்பு இருக்கிறது. துருக்கியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஆயிரத்தை நெருங்கும் மாணவர்களை வைத்துக் கணிதத்தில் ஒரு சோதனை நடந்தது. ஒரு குழுவுக்குச் சாதாரண சாட்ஜிபிடி மாதிரி ஒன்று. இன்னொரு குழுவுக்கு அதே ஏஐ, ஆனால் விடையை நேராகச் சொல்லாமல் ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த குறிப்புகளை மட்டும் தரும்படி கட்டுப்படுத்தியது. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. பயிற்சிக் கணக்குகளில் முதல் குழு 48 சதவீதம் மேலே, இரண்டாவது குழு 127 சதவீதம் மேலே. பிறகு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தார்கள். சாதாரண ஏஐ வைத்திருந்த குழு, ஏஐயே பார்க்காத குழுவைவிட 17 சதவீதம் கீழே போனது. குறிப்பு மட்டும் கிடைத்த குழுவுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, கீழே போன மாணவர்கள் தாங்கள் கீழே போனதாக நினைக்கவில்லை.

கட்டுரைக்கும் இதுதான். முதல் வரைவை வகுப்பில் எழுத வையுங்கள், கையால், 20 நிமிஷம், எவ்வளவு வருகிறதோ அவ்வளவு. மோசமாக இருந்தால் இருக்கட்டும். அதை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் செம்மைப்படுத்தி வரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். அப்புறம் இரண்டு நிமிஷம் பேசுங்கள்: 'இந்தப் பத்தியை ஏன் இங்கே வைத்தாய்? இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?' எழுதியவர் சொல்லிவிடுவார். சொல்ல முடியாவிட்டால் தண்டனை எதுவும் வேண்டாம், அந்தப் பத்தியை அங்கேயே மறுபடி எழுதச் சொல்லுங்கள், போதும்.

ஏஐயை வகுப்புக்குள்ளேயே கொண்டுவருவதற்கும் ஒரு நல்ல வழி இருக்கிறது. நீங்கள் நடத்திய பாடல் ஒன்றுக்கு ஏஐயிடம் உரை எழுதி வாங்கித் திரையில் போடுங்கள். தமிழ்ச் செய்யுள் என்றால் அது அடிக்கடி தடுமாறும், இல்லாத பொருளைச் சொல்லும், சொல்லைத் தப்பாகப் பிரிக்கும், ஆனால் எல்லாவற்றையும் அசையாத நம்பிக்கையோடு சொல்லும். 'இதில் எங்கே தப்பு, ஏன் தப்பு?' என்று குழுவாக உட்கார்ந்து சிவப்பு மையால் திருத்தச் சொல்லுங்கள். பிழை கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பாடல் தெரிந்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. பிள்ளைகளுக்கு இது பிடிக்கும், வாத்தியாரைத் திருத்துவது போல ஒரு குஷி.

ஒரு தாய்: மகள் பள்ளியில் கொடுத்த ஆப்பில் நட்சத்திரங்களாகக் குவிக்கிறாள். ஆனால் அதே கணக்கைத் தாளில் கொடுத்தால் தெரியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் அவள் விரலைப் பாருங்கள். ஒரு விடையைத் தட்டுகிறாள், தப்பு, அடுத்ததைத் தட்டுகிறாள், தப்பு, மூன்றாவது சரி, நட்சத்திரம். அல்லது 'உதவி' பொத்தானைத் தொடர்ந்து அழுத்திக் கடைசியில் வரும் விடையைப் பார்த்துப் போடுகிறாள். பிள்ளை சோம்பேறி என்று அர்த்தமில்லை, அந்த ஆப் எதற்குப் பரிசு கொடுக்கிறதோ அதை அவள் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். ஆய்வாளர்கள் இந்தப் பழக்கத்தைப் பல வருஷமாகக் கவனித்து வருகிறார்கள், இப்படிச் செய்பவர்கள் குறைவாகவே கற்கிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். நோட்டில் கணக்கைப் போட்ட பிறகுதான் திரையைத் தொடலாம். ஆசிரியரிடமும் சொல்லுங்கள், நட்சத்திர எண்ணிக்கையை விட்டுவிட்டு முதல் முயற்சியிலேயே சரியான விடைகள் எத்தனை என்று பார்க்கச் சொல்லி. பல ஆப்களில் அந்தக் கணக்கு இருக்கும், யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ஏழாம் வகுப்பு ஆசிரியை: பார்வையில்லாத ஒரு மாணவி எங்கள் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். லேப்டாப் வைத்திருக்கிறாள். நான் என்ன செய்ய வேண்டும்?

அவளிடமே முதலில் கேளுங்கள், அவளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள் அவள் லேப்டாப்பில் அநேகமாக இருக்கும். இல்லையென்றால் என்விடிஏ இலவசம். பார்வையில்லாத இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006-இல் தொடங்கியது, தமிழையும் படிக்கும்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது இதுதான். பாடக் குறிப்பைப் படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அந்த மென்பொருளுக்கு அது வெறும் படம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்பிலும் பெரும்பாலும் இதே சிக்கல். யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்து அனுப்புங்கள்; பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு உங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், அவள் காதுக்குச் சம்பந்தமில்லாத எழுத்துகளாகக் கேட்கும். பாடத்தில் படம் இருந்தால் அது என்ன படம் என்று இரண்டு வரி எழுதுங்கள். வகுப்பில் 'இதை இங்கே கொண்டுவந்தால் இது வரும்' என்று பலகையைக் காட்டிப் பேசும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, 'எக்ஸை வலப்பக்கம் கொண்டுபோனால்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் கணக்கு இன்னும் நன்றாகக் கேட்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: நாங்கள் சாக்பீஸ் வைத்தே நடத்தினோம். பிள்ளைகள் நன்றாகத்தான் வந்தார்கள். இப்போது ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

ஐயா, ஆர்ப்பாட்டம் புதிதில்லை. இனிப் பள்ளியில் புத்தகத்துக்கு வேலையில்லை, திரைப்படம் போதும் என்று தாமஸ் எடிசன் 1913-லேயே சொல்லிவிட்டார். 1950-களில் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் கற்பிக்கும் இயந்திரம் செய்தார். அப்புறம் வானொலி, தொலைக்காட்சி, கணினி என்று ஒவ்வொன்றையும் பார்த்து யாரோ ஒருவர் ஆசிரியருக்கு விடை கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். நீங்கள் சாக்பீஸ் வைத்து நடத்தியபோது திடீரென்று திரும்பி, கடைசி பெஞ்சைப் பார்த்து 'நீ சொல்' என்றீர்களே, அதைச் செய்யாத எந்தத் திரையும் வேஸ்ட்தான். ஆனால் அந்தக் கடைசி பெஞ்சில் ஐந்து பேர் இருந்தால் நீங்கள் ஒருவரைத்தான் கேட்டீர்கள், மற்ற நான்கு பேர் தப்பித்துவிட்டார்கள். மேலே கணித ஆசிரியருக்குச் சொன்ன அட்டை அந்த நான்கு பேரையும் பிடிக்கிறது.

வாசகர்: வகுப்பாசிரியர் சொல்லும் ஆப்களில் எல்லாம் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, புகைப்படம் கேட்கிறது. கொடுக்கலாமா?

கேட்டதையெல்லாம் கொடுக்காதீர்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 49 நாடுகளில் பெருந்தொற்றுக் காலத்தில் அரசுகள் பரிந்துரைத்த இணையக் கல்விச் சேவைகளை ஆராய்ந்து 2022-இல் அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஒன்பதுக்கு அருகில், பிள்ளைகளின் தகவலைக் கையாண்ட விதத்தில் அவர்களின் உரிமைக்கு ஆபத்து இருந்தது. விளம்பர நிறுவனங்களுக்குத் தகவல் போன கதையும் அதில் உண்டு.

ஒரு க்விஸ் ஆப்புக்குப் பிறந்த தேதி எதற்கு? வகுப்பாசிரியரிடம் கேட்டு வரிசை எண்ணையோ புனைபெயரையோ வைத்துப் பதியச் சொல்லுங்கள், எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அவர் நோட்டில் இருந்தால் போதும். புகைப்படத்துக்குப் பதில் ஒரு பூவோ பூனையோ. மைக்கும் இருப்பிடமும் கேட்டால் 'அனுமதி இல்லை' என்று அழுத்திப் பாருங்கள், பாதி ஆப்கள் அதன் பிறகும் வேலை செய்யும். வேலை செய்ய மறுத்தால் ஆசிரியரிடம் வேறு ஆப் கேளுங்கள். வருஷக் கடைசியில் கணக்கை அழித்துவிட்டார்களா என்பதையும் அவரிடமே கேளுங்கள், அதை நினைவில் வைத்துக் கேட்கும் பெற்றோர் குறைவு.